ஒப்பாரிக் கோச்சி: பேரப்பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தலைமன்னார் வழியாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் ரயில் பயண நினைவுகளைத் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டு எழுதி வருகிறேன். பெரியவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள்தான் அதிகம் கேட்கிறார்கள். நீலகிரியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் போன் பண்ணிக் கேட்பவர்களும் உண்டு. எந்தத் தோட்டம் போனாலும் வருவது அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ஒப்பாரிக் கோச்சின்னு ஒண்ணு நெசமாவே ஓடுச்சா, இல்ல சும்மா கதையா?

ஓடியது. கோச்சி என்றால் ரயில். புகையிரத அட்டவணையில் அந்தப் பெயரைத் தேடாதீர்கள், அது சனம் வைத்த பெயர். 1960களின் பிற்பகுதியிலிருந்து 1980களின் தொடக்கம் வரை, இந்தியப் பாஸ்போட் கிடைத்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மலைநாட்டு ஸ்டேஷன்களில் கோச்சி ஏறி, தலைமன்னார் இறங்குதுறைக்குப் போய், அங்கிருந்து கப்பலில் கடல் தாண்டினார்கள். ஒரு தோட்டத்தில் பல குடும்பங்களுக்கு ஒரே சமயத்தில் நாள் விழுவதால், அதாவது புறப்படும் தேதி குறிக்கப்படுவதால், ஒரு லயத்தில் (வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில்) பாதிப்பேர் ஒன்றாகப் புறப்பட்டதும் உண்டு.

வழியனுப்ப வந்தவர்கள் ஸ்டேஷன் மேடையில் ஒப்பாரி வைத்தார்கள். செத்த வீட்டில் கட்டிப்பிடித்து அழுவார்களே, அதே அழுகை, அதே பாட்டு. பெட்டிக்குள் இருந்தவர்களும் பதில் வைத்தார்கள். அந்தக் கோச்சிக்கு வேறு பெயர் எதுவும் ஒட்டவில்லை.

எங்க ஆளுங்க அவங்களாப் போனாங்களா, இல்ல அனுப்புனாங்களா?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனம், அந்தச் சட்டத்தால் நாடற்றதாகி, அடுத்த வருடம் வாக்குரிமையையும் இழந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கென்று இன்னொரு சட்டம் வந்தது. அதன்கீழ் விண்ணப்பம் போட்டவர்களில் பெரும்பாலானவர்களைத் தள்ளிவிட்டார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரம் எங்கே, இத்தனை வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டால், லயத்துக் காம்பராவில், ஒற்றை அறையில், பிறந்தவர்கள் எதைக் காட்டுவார்கள்?

1964 ஒக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் டெல்லியில் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டார்கள். நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்கு. அதில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. 1974இல் அந்த மீதியையும் ஸ்ரீமாவோவும் இந்திரா காந்தியும் 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்ட சனத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விண்ணப்பம் போட்டுத்தான் போனார்கள், அதனால் விருப்பப்பட்டுப் போனவர்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படி எழுதமாட்டேன். இங்கே விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர் அடுத்து எங்கே போவார்? 1973-74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலில் பல தோட்டங்களில் லயங்கள் கொள்ளை போயின, எரிந்தன. ‘இருந்து என்னத்துக்கு’ என்று பாஸ்போட்டுக்கு ஓடியவர்கள் அதற்குப் பிறகுதான் கூடினார்கள். இந்தியாவில் பூர்வீக ஊரில் நிலம் இருக்கிறது, கோயில் இருக்கிறது என்று சந்தோஷமாகப் பெட்டி கட்டியவர்களும் இருந்தார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர்கள் கொஞ்சப் பேர்தான்.

அப்ப 525,000 பேரும் போயிட்டாங்களா?

இல்லை. 15 வருடத்தில் முடிப்பதாகத் திட்டம். இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்கள் ஒப்பந்தக்காரர்கள் நினைத்ததைவிடக் குறைவு, இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கிய எண்ணிக்கையைவிட அதிகம். இந்த மண்ணில்தான் இருக்க வேண்டும் என்று சனம் சொன்ன பதில் அது. ஆனாலும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 1984இல் கப்பல் நின்றபோது, பாஸ்போட் கையில் இருந்தும் போகாதவர்கள் நிறையப் பேர். அவர்களைப் பற்றிக் கீழே தனியாக வருகிறது.

கோச்சி எந்தெந்த ஸ்டேஷன் வழியாப் போச்சு? எங்க தாத்தா ஹட்டன்ல ஏறுனதா சொல்றாரு.

ஊவாப் பக்கத்து ஆட்கள் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளையில் ஏறினார்கள். அவர்களுக்கு முதலில் ஏற்றம். பட்டிப்பொல ஸ்டேஷன் 6,226 அடி உயரத்தில் இருக்கிறது, இலங்கையில் அதைவிட உயரமான ஸ்டேஷன் கிடையாது. அதன்பிறகு இறக்கம்தான். நானுஓயா, வட்டகொடை, தலவாக்கலை, கொட்டகலை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அந்தந்த வட்டாரத்துத் தோட்டத்து ஆட்கள் சேர்ந்தார்கள். கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம். ஹட்டனில் பெருங்கூட்டம். பிறகு ரொசெல்ல, வட்டவளை, கலபொட, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை. கண்டி, மாத்தளைப் பக்கத்தவர்களும் பேராதனைக்கு வந்துதான் கீழே இறங்க வேண்டும்.

கடுகண்ணாவ இறக்கத்தில் அலகல்ல மலை ஒரு பக்கம், பள்ளம் மறுபக்கம். ரம்புக்கன தாண்டிப் பொல்காவலை வந்ததும், கொழும்புக்குப் போகாமல் வடக்குப் பாதைக்குத் திரும்பும். குருநாகல், மாகோ, அநுராதபுரம், மதவாச்சி. மதவாச்சியில் யாழ்ப்பாணப் பாதையை விட்டுப் பிரிந்து செட்டிகுளம், மடு வீதி, முருங்கன். அப்புறம் கடல் குறுக்கே மன்னார்த் தீவு, பேசாலை, தலைமன்னார்.

ஆகவே உங்கள் தாத்தா சொல்வது சரி. அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: ஹட்டனுக்கு எதில் வந்தார்கள்? தோட்டத்து லொறியிலா, பஸ்ஸிலா, நடந்தா? அந்த முதல் துண்டுப் பயணத்தைப் பலர் சொல்லவே மறந்துவிடுகிறார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் லொறியை நிறுத்திச் சூடம் கொளுத்திவிட்டுக் கிளம்பினோம் என்பது மாதிரியான விஷயமெல்லாம் அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

எவ்வளவு நேரம் எடுக்கும்? ராத்திரிப் பயணமா?

மலைநாட்டில் ஏறியவர்கள் பலருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் என்றே நினைவு. மலையில் வெளிச்சத்தில் புறப்பட்டு, வடக்குப் பாதையை இருட்டில் கடந்து, விடியலில் கடலைப் பார்த்தார்கள். அதனால்தான் பெரியவர்களின் நினைவில் கம்பளை வரைக்கும் ஒவ்வொரு வளைவும் இருக்கிறது, மதவாச்சி வெறும் பெயராக இருக்கிறது.

குளிரிலிருந்து வெக்கைக்குப் போன பயணம் இது. ஏறும்போது எல்லாரும் கம்பளி போர்த்தியிருந்தார்கள். குருநாகல் பக்கம் வரும்போது ஒவ்வொன்றாகக் கழன்றன. தலவாக்கலைக் குளிர் தவிர வேறொன்றும் அறியாத கைக்குழந்தைகள் அன்றைக்கு ராத்திரி வேர்த்து அழுதன, விசிற ஒன்றும் இல்லாமல் பாஸ்போட் உறையால் விசிறினேன் என்று ஒரு பாட்டி சொன்னார்.

என்னென்ன சாமான் கொண்டுபோனாங்க?

ட்ரங்குப் பெட்டி எல்லா வீட்டுக் கதையிலும் வருகிறது. மூடியில் வெள்ளைப் பெயின்டில் குடும்பத் தலைவர் பெயரும் தோட்டத்தின் பெயரும். போகிற ஊரின் விலாசம் தெரிந்தவர்கள் அதையும் எழுதினார்கள். தெரியாதவர்கள், இறங்கியதும் போகிற முகாமான மண்டபம் என்று மட்டும் எழுதினார்கள். உள்ளே துணிமணி, பித்தளைக் குடம், சாமி படம், தேயிலைத் தூள், சோப்பு, நாள் விழுந்ததும் டவுன் ஸ்டூடியோவில் எல்லாருமாக நின்று எடுத்த போட்டோ. அந்தப் போட்டோவில் ஒரு பிரதி இங்கே தங்கியவர்களிடமும் இருக்கும். அப்படி இரண்டு பிரதியையும் நான் பார்த்திருக்கிறேன். இங்கே இருப்பது சுவரில் புகை படிந்து பழுத்துப்போயிருந்தது, அங்கே இருப்பது பெட்டிக்குள்ளேயே கிடந்து புதிதாக இருந்தது. ஒரு சிறுவனின் கால் மட்டும் அசைந்து மங்கலாக விழுந்திருந்தது இரண்டிலும் ஒன்றுபோல.

அம்மியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துப்போனவர் இருக்கிறார், போகிற இடத்தில் தேயிலை இருக்கிறதோ இல்லையோ என்று தெரியாமலே. கொழுந்துக் கூடை பெரும்பாலும் போகவில்லை, அதைப் பக்கத்துக் காம்பராக்காரிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆடு, மாடு, கோழி, மரக்கறித் தோட்டம், நன்றாகக் காய்ப்பதற்குப் பேர்போன பலா மரம் எல்லாம் கிடைத்த விலைக்குப் போயின. போகிறவன் பேரம் பேச முடியாது என்பது வாங்குகிறவனுக்குத் தெரியும்.

பணத்துக்கும் நகைக்கும் வரையறை இருந்தது. சேமலாப நிதி, சேவைக்காலப் பணம் எல்லாம் கணக்குத் தீர்த்து வர வேண்டும். அது வருவதற்குள் புறப்படச் சொன்ன நாள் வந்துவிட்டதாகப் பல வீடுகளில் சொல்கிறார்கள். இதைக் கேட்டு எழுதும்போது, எது கைக்கு வந்தது, எது கடைசி வரை வரவில்லை என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷன்ல என்னதான் நடந்துச்சு? எங்க அம்மாயி அதைக் கேட்டாலே எழுந்து போயிடுறாங்க.

உங்கள் அம்மாயி மேடையில் நின்றவரா, பெட்டியில் இருந்தவரா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு நினைவு. பெட்டியில் இருந்தவர்களுக்கு அதற்குப் பிறகு கடல் இருந்தது, முகாம் இருந்தது, புது ஊர் இருந்தது, அழுகைக்கு மேல் வேறு கவலைகள் வந்து விழுந்தன. மேடையில் நின்றவர்கள் அதே பாதையில் திரும்பி நடந்து, அதே லயத்துக்கு வந்து, பூட்டிக் கிடக்கும் பக்கத்துக் காம்பராவைப் பார்த்துக்கொண்டே அடுத்த நாள் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைக் கூட்டத்துக்கு, போனார்கள். எனக்குத் தெரிந்து மேடையில் நின்றவர்களிடம் யாரும் கேட்டு எழுதியது குறைவு. அவர்கள் போகாதவர்கள்தானே, அவர்களுக்கு என்ன பயணம் என்று நினைத்துவிட்டோம். இந்தப் பயணத்தில் பாதி அவர்களுடையது.

மேடையில் நின்றவர்கள் சொல்வது இப்படி: ஜன்னல் கம்பி வழியாகக் கையைப் பிடித்துக்கொள்வார்கள். விசில் ஊதினாலும் விடமாட்டார்கள். கோச்சி நகரும், கூடவே நடப்பார்கள், பிறகு ஓடுவார்கள். மேடை முடிகிற இடத்தில் போர்ட்டர்கள் நின்று மறித்துப் பிடிப்பார்கள். பிடித்த போர்ட்டர்களில் சிங்களவர்களும் இருந்தார்கள், அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதாக ஒருவர் அல்ல, பலர் சொல்லியிருக்கிறார்கள்.

கொட்டகலையில் ஏறிய ஓர் அம்மா சொன்னதையும் எழுத வேண்டும். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. ஸ்டேஷனில் அழுத அழுகை ஓயாமலே கோச்சி சிங்கமலைச் சுரங்கத்துக்குள் போய்விட்டது. உள்ளே இருட்டு, புகை, பெட்டி முழுவதும் அழுகைச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. யார் அழுகிறார்கள் என்று தெரியவில்லை, தன் அப்பா அழுது அதற்கு முன் அவர் கேட்டதே இல்லை, இருட்டில்தான் கேட்டார். வெளிச்சத்துக்கு வந்தபோது அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். ஹட்டனில் கோச்சி நின்றதும் அவரே இறங்கி எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கி வந்தார்.

தலைமன்னார்ல உடனே கப்பல் ஏத்திட்டாங்களா?

கப்பல் எல்லா நாளும் ஓடவில்லை. சாமான் சோதனை, பாஸ்போட் சோதனை, மருத்துவச் சோதனை முடிந்து இறங்குதுறையில் காத்திருக்க வேண்டும். பெட்டியை அவிழ்த்துக் கொட்டிப் பார்த்த மேசையைப் பற்றி இன்றைக்கும் கோபமாகப் பேசுகிறார்கள். மகளுக்கென்று வைத்திருந்த காதுத் தோட்டை அங்கே இழந்தவர்கள் உண்டு.

பெரும்பாலானோர் போனது ‘ராமானுஜம்’ என்ற கப்பலில். கடலையே முதன்முதலாகப் பார்ப்பவர்கள் அதிகம், சில மணி நேரப் பயணம்தான் என்றாலும் வாந்தி எடுக்காதவர்கள் இல்லை.

எங்க தாத்தா தனுஷ்கோடிங்கிறாரு, நீங்க ராமேஸ்வரம்ங்கிறீங்க. யாரு சொல்றது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம், எந்த வருடம் என்பதைப் பொறுத்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், தலைமன்னாரிலிருந்து மறுபடி ரயில் என்று தொடர்ச்சியாகப் போகலாம். போட் மெயில் என்பார்கள். தோட்டத்து ஆட்கள் ஊருக்குப் போய்வந்ததும் அப்படித்தான். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனது, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் கடலில் அடித்துப் போனது. ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான்.

ஆகவே ஒப்பந்தத்தின்கீழ் போனவர்கள் இறங்கியது ராமேஸ்வரத்தில். உங்கள் தாத்தா தனுஷ்கோடி என்று உறுதியாகச் சொன்னால், அவர் சின்ன வயதில் தன் அப்பாவோடு ஊருக்குப் போய் வந்ததைச் சொல்கிறாரோ என்று பாருங்கள். இரண்டு பயணமும் ஒரே பாதையில் நடந்ததால் ஒன்றோடொன்று கலந்துவிடும். அவர் பொய் சொல்லவில்லை. தனுஷ்கோடி என்றால் 1964க்கு முன், ராமேஸ்வரம் என்றால் அதற்குப் பின் என்று பிரித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

அங்க இறங்குன பிறகு எங்க போனாங்க?

முதலில் மண்டபம் முகாம். அங்கே பதிந்து, குடும்ப அட்டை போட்டு, எங்கே அனுப்புவது என்று முடிவானது. தமிழ்நாட்டு அரசு இவர்களுக்காகவே 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது, அதுதான் பின்னர் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, பிறகு வால்பாறை. கேரளத்தில் புனலூர், கர்நாடகத்தில் புத்தூர், சுள்ளியா பக்கம் ரப்பர்த் தோட்டங்கள். சிலர் நூல் ஆலைகளுக்கு. தொழில் கடன் வாங்கிக்கொண்டு திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர் தேடிப் போனவர்கள் பலர் அங்கே நிலைக்க முடியாமல் மறுபடி மலையைத் தேடி நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள்.

பிள்ளைகளாகப் போனவர்கள் ஒரு விஷயத்தைத் தவறாமல் சொல்கிறார்கள்: ‘அந்தப் பக்கத்துக் கோச்சி சின்னதா இருந்துச்சு.’ குழந்தை நினைவு என்று தள்ளாதீர்கள், அது உண்மை. இலங்கையில் பெரிய பாதை, தண்டவாளங்களுக்கு நடுவே ஐந்தரை அடி. ராமேஸ்வரம் பாதை அப்போது ஒரு மீட்டர்தான், 2007இல்தான் அகலமாக்கினார்கள். பெட்டிக்குள் கால் வைத்ததும் இடுக்கமாக இருந்ததைப் பிள்ளைகள்தான் கவனித்திருக்கிறார்கள்.

அவங்க பாட்டன் பூட்டன் வந்த வழியும் இதுதானா?

பாதிவரை. கோச்சி வருவதற்கு முன், தேயிலைக்கு முந்திய கோப்பித் தோட்டக் காலத்தில், தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தார்கள். வழியில் பேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் கணக்கில்லை. 2023இல், மலையகச் சனம் வந்த 200 வருட நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அது இந்த வழியை நினைத்துத்தான்.

பிறகு மலைக்குப் பாதை ஏறியது. நாவலப்பிட்டிக்கு 1874, ஹட்டனுக்கு 1884, நானுஓயாவுக்கு 1885, பதுளைக்கு 1924. கோப்பியையும் தேயிலையையும் இறக்கப் போட்ட தண்டவாளம். தலைமன்னார்ப் பாதை 1914. மண்டபம் முகாமுக்கும் பழைய தொடர்பு உண்டு: வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைக்கு வரும் தொழிலாளர்களை நோய்க்காகத் தடுத்து வைத்துச் சோதித்து அனுப்பிய இடம் அது. பாட்டனைப் பரிசோதித்து அனுப்பிய முகாமுக்கே பேரனைப் பதிந்துகொள்ளத் திருப்பி அனுப்பினார்கள். இதை முதலில் எடுத்துச் சொன்னபோது, எனக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்த ஐயா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஒரே வீட்டுல அண்ணன் போயிட்டாரு, தம்பி தங்கிட்டாரு. அது எப்படி?

விண்ணப்பம் குடும்பம் குடும்பமாகப் போடப்பட்டது. சின்னப் பிள்ளைகள் அப்பா அம்மா பெயரோடு சேர்வார்கள், வளர்ந்து கல்யாணமான மகன் தனிக் குடும்பம். அப்பா இந்தியாவுக்கு எழுதி, மகன் இலங்கைக்கு எழுதினால் வீடு பிரிந்தது. இரண்டு பேருமே இந்தியாவுக்கு எழுதினாலும் ஒரே சமயத்தில் நாள் விழும் என்று இல்லை. அண்ணனுக்கு 1972இல் வந்தது, தம்பிக்கு வரும்போது கப்பலே இல்லை. பெண் கொடுத்த வீடு ஒரு பக்கம், பிறந்த வீடு மறு பக்கம் என்றால் அந்தப் பெண் எதற்கு அழுவாள்?

இதில் யார் சரி, யார் தவறு என்று இன்றைக்கும் சில குடும்பங்களில் மனக்கசப்பு இருக்கிறது. ‘எங்களை விட்டுட்டுப் போனாங்க’, ‘அவங்கதான் வரமாட்டேன்னாங்க.’ மேலே ஒப்பந்தக் கணக்கைச் சொல்லியிருக்கிறேன். பிரித்தது அந்தக் கணக்கு. அண்ணனும் தம்பியும் பிரிக்கவில்லை.

பாஸ்போட் எடுத்தும் போகாதவங்க என்ன ஆனாங்க?

பல காலம் அந்தரத்தில் இருந்தார்கள். கப்பல் நின்றது, அந்தப் பக்கமும் போக முடியாது, இந்தப் பக்கமும் பிரஜை இல்லை. கண்டியில் இருக்கும் இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்துக்கும் தோட்டத்துக்குமாக அலைந்தவர்களை நானே அறிவேன். 1986, 1988 சட்டங்கள் ஒரு பகுதிக்கு வழிவிட்டன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் மிச்சமிருந்தவர்களும் இலங்கைப் பிரஜைகளானார்கள். 1948இல் தொடங்கிய வழக்குக்கு 2003இல் தீர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, எங்க அப்பாயி எந்த வருஷம் போனாங்கன்னே யாருக்கும் தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அங்கே இருக்கும் சொந்தத்திடம் பழைய பாஸ்போட், மண்டபத்தில் போட்ட குடும்ப அட்டை இரண்டையும் கேளுங்கள். பாஸ்போட்டில் தலைமன்னார் முத்திரை இருந்தால் தேதியே கிடைத்துவிடும். நீலகிரிப் பக்கம் இந்தக் காகிதங்களை வீட்டுப் பத்திரம் மாதிரி வைத்திருக்கிறார்கள், சாதிச் சான்றிதழ் வாங்கவும் வேலைக்கும் இன்றைக்கும் கேட்கப்படுவதால்.

இங்கே தோட்டத்து அலுவலகத்தில் பழைய செக்ரோல் புத்தகம் (வேலை, சம்பளப் பதிவேடு) இருக்கிறதா என்று பாருங்கள், பெயர் எந்த மாதம் நின்றுபோனதோ அதுதான் போன மாதம். தோட்டப் பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பில் (பதிவேட்டில்) பிள்ளைகள் விலகிய தேதி இருக்கும். வந்த கடிதாசிகளின் முத்திரையைப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். வருடத்தைக் கேட்காமல், ‘பஞ்சத்துக்கு முன்னாலயா பின்னாலயா, தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகா, எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகா’ என்று கேட்டால் எந்தப் பாட்டியும் சொல்லிவிடுவார். அரசாங்கம் வெள்ளைக்காரக் கம்பெனிகளிடமிருந்து தோட்டங்களை எடுத்தது 1975இல்.

பேசச் சொன்னா அழுறாங்க. அழவைச்சு எதுக்குக் கேட்கணும்?

‘அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அழுகையைத் தவிர என்ன பதில்? சாப்பாட்டைக் கேளுங்கள். கோச்சியில் என்ன கட்டிக்கொண்டு போனீர்கள்? ரொட்டியும் கட்டச் சம்பலும் என்பார்கள், யார் சுட்டது என்று கேட்டால் ஒரு பெயர் வரும், அந்தப் பெயருக்குப் பின்னால் முழுக் கதையும் வரும். எந்தப் பக்கத்து ஜன்னல், பக்கத்தில் யார், பிள்ளை யார் மடியில், விடிந்தபோது எந்த ஸ்டேஷன் என்று கேளுங்கள். மேலே போட்டிருக்கும் ஸ்டேஷன் வரிசையை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாலே போதும், ஏதோ ஒரு பெயரில் நிறுத்தச் சொல்வார்கள்.

அழுதால் அழட்டும். நீங்கள் போனை அணைத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். இன்னொரு நாள் போங்கள். பேச மறுப்பவரை வற்புறுத்த வேண்டாம், ஆனால் அவர் மறுக்கிறார் என்று நீங்களாக முடிவுகட்டவும் வேண்டாம். பல பேர் என்னிடம் சொன்னது, ‘இதுவரைக்கும் யாருமே கேட்கலையே புள்ள.’

முடிஞ்சு போன கதையை இப்ப ஏன் கிண்டுறீங்க?

மேடையில் பத்து வயதில் நின்றவருக்கே இப்போது ஐம்பதுக்கு மேல். குடும்பத் தலைவராகப் போனவர்கள் அநேகமாக இல்லை. ஒப்பந்த எண்ணிக்கை எல்லாப் பரீட்சைப் புத்தகத்திலும் இருக்கிறது, அது எங்கும் போகாது. ரொட்டி சுட்டவரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நாங்க இளைஞர் மன்றத்துல கூட்டமா அதே வழியில கோச்சியில போகலாமா?

போகலாம். யுத்தத்தில் 1990இல் நின்றுபோன தலைமன்னார்ப் பாதையைப் புதிதாகப் போட்டு, 2015 மார்ச்சில் இறங்குதுறை வரை மறுபடி ஓடவிட்டார்கள். மலைநாட்டிலிருந்து நேராகத் தலைமன்னாருக்குக் கோச்சி கிடையாது. பொல்காவலையில் இறங்கி, கொழும்புக் கோட்டையிலிருந்து வரும் தலைமன்னார்க் கோச்சியில் மாற வேண்டும். நேரம் ஒத்துவராது, பொல்காவலையிலோ குருநாகலிலோ காத்திருக்கத் தயாராக வாருங்கள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண்சரிவு சாதாரணம், பாதைத் திருத்த வேலைகளும் நடக்கும், ஆகவே கிளம்பும் முன் ஸ்டேஷனில் விசாரியுங்கள்.

பெரியவர் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். செலவு மன்றத்துடையதாக இருக்கட்டும். வெயிலுக்குத் தண்ணீர் நிறைய எடுங்கள், மதவாச்சிக்கு மேல் அனல். தலைமன்னாரில் பழைய இறங்குதுறை இடிந்து கிடக்கிறது, அதன்மேல் ஏறி நின்று படம் பிடிக்க வேண்டாம்.

கப்பல்ல அப்படியே ராமேஸ்வரம் போக முடியுமா?

முடியாது. அந்தச் சேவை மறுபடி தொடங்கவில்லை. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே 2023 ஒக்டோபரில் ஒரு படகுச் சேவை தொடங்கி, நின்று, மறுபடி ஓடியது. அது வேறு வழி.

தமிழ்நாட்டுல தொடர்பு விட்டுப்போன சொந்தத்தைத் தேடணும். எங்க தொடங்கறது?

ஆளின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். அங்கே இன்றைக்கும் ஒருவரை ஒருவர் இந்தத் தோட்டத்துப் பெயரால்தான் அடையாளம் சொல்கிறார்கள்: இன்ன தோட்டத்து மேல் டிவிசன் ஆள், இன்ன கங்காணியின் பெரட்டு ஆள். ஆகவே தோட்டம், டிவிசன், கங்காணியின் பெயர், தாத்தாவின் பட்டப்பெயர், குலதெய்வம், இந்தியாவில் பூர்வீக ஊர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். போன வருடம் தெரிந்தால் அதையும். பழைய குடும்பப் போட்டோவைப் போனில் தெளிவாகப் படம் எடுத்து, பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும் எடுத்துச் சேருங்கள்.

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கம் யாராவது ஒரே ஒருவரைத் தெரிந்தால் போதும், அவர் மூலம் டான்டீ லயங்களுக்கு இந்தத் தாள் போய்ச் சேரும். சமவெளியில் சிலோன் காலனி என்று கேட்டால் வழி காட்டுவார்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். வந்ததும் முதலில் இங்கே வீட்டில் இருக்கும் பெரியவர் கையில் போனைக் கொடுங்கள், நீங்கள் பேசுவது அதற்குப் பிறகு.